‘எஸ்டிமேட்’ என்பதற்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்? தும்பு ஏற்றுமதியாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கத்துத் தும்பாலைக்காரர்கள், அதாவது தென்னைநார் ஆலை நடத்துபவர்கள் சிலர் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கோக்கோபீட் கட்டி, அதாவது தென்னைநார்த் தூளை அழுத்திச் செய்த கட்டி வேண்டும் என்று ஸ்பெயினிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ ஒருவர் விசாரிக்கிறார். இங்கே ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு தாள் தயாராக இருக்கிறது. அதை ஸ்பானிஷில் அனுப்பினால் வாங்குபவர் மதிப்பார் என்று நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். தலைப்பில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதில்தான் சிக்கல். அகராதியைத் திறந்தால் ஐந்தாறு சொற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் இரண்டு நமக்குப் பணநட்டம் உண்டாக்கக் கூடியவை.

வாங்குபவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஸ்பெயினின் அல்மெரியா மாகாணத்துப் பசுமைக்குடில்களிலும், ஊவெல்வாவின் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரித் தோட்டங்களிலும், மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்துப் பெர்ரித் தோட்டங்களிலும் மண்ணுக்குப் பதிலாகத் தென்னைநார்த் தூளில் செடி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடையைவிட, நீரூற்றி விரித்தபின் எத்தனை லிட்டர் தூள் கிடைக்கும் என்பதுதான் முக்கியம். நாமோ எடையில் கணக்குப் போட்டு அனுப்புகிறோம். இந்த இடைவெளியை நிரப்புவதே ஓர் உத்தேசக் கணக்குதான்.

‘எஸ்டிமேட்’ என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறோம். வீடு கட்டும்போது கொத்தனார் எழுதித் தரும் தாளும் எஸ்டிமேட். ஒரு கண்டெய்னரில் எவ்வளவு ஏறும் என்று கணித்துச் சொல்லும் எண்ணும் எஸ்டிமேட். போனில் ‘ஏகதேசம் ஒரு ரேட்டு சொல்லும், பெறவு பேசிக்கிடலாம்’ என்று அண்ணாச்சிமார் கேட்பார்களே, அதற்குச் சொல்லும் பதிலும் எஸ்டிமேட்தான். ஸ்பானிஷில் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு சொற்கள். ஆகவே சொல்லைத் தேடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: சொன்ன விலைக்கும் கடைசியில் வரும் விலைக்கும் வித்தியாசம் வந்தால் அதை யார் தாங்கப்போகிறார்கள்? நாம் தாங்குவோம் என்றால் ஒரு சொல், அவர் தாங்க வேண்டும் என்றால் வேறு சொல். ஆங்கிலச் சொல்லுக்கு எது நெருக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இந்த விஷயத்தில் வழி தவறச் செய்யும்.

முதலில் ‘பிரெசுப்புவெஸ்தோ’. ஸ்பெயின்காரருக்கு இது அன்றாடச் சொல். வீட்டுக்கு வெள்ளையடிப்பவர், பல் மருத்துவர், குழாய் வேலைக்காரர் என எல்லோரும் வேலை தொடங்கும் முன் எழுதித் தருவது பிரெசுப்புவெஸ்தோதான். அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கும் இதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். ஆகவே தாளின் தலைப்பில் இதைப் பார்த்ததும் அவர் குழம்ப மாட்டார். ஆனால் இந்தச் சொல்லுக்கு அங்கே கனம் அதிகம். ஸ்பெயினில் கார் பட்டறைகளுக்கென்று 1986-இல் வந்த 1457-ஆம் எண் அரசாணையின்படி, வாடிக்கையாளருக்கு எழுத்தில் பிரெசுப்புவெஸ்தோ பெறும் உரிமை உண்டு. அது குறைந்தது 12 வேலை நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். அந்த ஆணை கார் பட்டறைக்கு மட்டுமே, நம் சரக்குக்கு அல்ல. ஆனால் அப்படிப்பட்ட பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் இந்தத் தலைப்பை எப்படிப் படிப்பார் என்பதை அது காட்டுகிறது. ‘சொன்ன விலை இது, இதில் நிற்பார்கள்’ என்றுதான் படிப்பார்.

அதனால் என் யோசனை இது. கதம்பை (தேங்காய் மட்டை) கையிருப்பில் இருக்கிறது, தூள் காய்ந்து கிடக்கிறது, கட்டி அடிக்கும் கூலி தெரியும், தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் லாரி வாடகை பேசியாயிற்று என்றால் தயங்காமல் பிரெசுப்புவெஸ்தோ என்று போடலாம். கீழே ‘வலிதெஸ்’ என்று எழுதி, எந்தத் தேதி வரை இந்த விலை நிற்கும் என்று குறிக்க வேண்டும். வலிதெஸ் என்றால் செல்லுபடிக் காலம். இந்த ஒரு வரி இல்லாத பிரெசுப்புவெஸ்தோவை நான் யாருக்கும் அனுப்பச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் தூளைக் காயவைக்க முடியாமல் விலை எப்படி ஏறும் என்பது நமக்குத் தெரியும். ஊவெல்வாவில் இருப்பவருக்குத் தெரியாது.

மெக்சிகோவுக்கு அனுப்பும்போது இதே சொல் பொருந்தாது. அங்கே ‘பிரெசுப்புவெஸ்தோ’ என்றால் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை என்ற நினைப்புத்தான் முதலில் வரும். விற்பவர் விலை எழுதித் தரும் தாளுக்கு அவர்கள் சொல்வது ‘கொத்திசசியோன்’. தென்னமெரிக்க நாடுகள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். அப்படியானால் இரண்டு நாட்டுக்கும் கொத்திசசியோன் என்றே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்கு முதன்மைப் பொருள் வேறு. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலை கொத்திசசியோன். சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவும் கொத்திசசியோன். இறக்குமதித் தொழிலில் இருப்பவருக்கு நம் தாள் புரிந்துவிடும். ஆனால் அங்கே கணக்கு எழுதும் ஒருவருக்கு அது ஒரு கணம் தட்டும். ஆகவே நாட்டைப் பார்த்துச் சொல்லைப் போடுவதுதான் சரி. ஸ்பெயினுக்குப் பிரெசுப்புவெஸ்தோ, மெக்சிகோவுக்குக் கொத்திசசியோன். இரண்டு தாள் தயாரிக்க வேண்டும் என்ற சலிப்பு வேண்டாம். தலைப்பையும், கீழே நான் சொல்லப்போகும் எண் எழுதும் முறையையும் மாற்றினால் போதும்.

மெக்சிகோ வியாபாரத் தாள்களில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. கொத்திசசியோனின் அடியில் ‘முன்னறிவிப்பின்றி விலை மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். நாமும் சேர்க்கலாம். ஸ்பெயினுக்கு அனுப்பும் தாளிலும், விலை இன்னும் உறுதியாகவில்லை என்றால், பிரெசுப்புவெஸ்தோ என்ற தலைப்பையே எடுத்துவிட்டு ‘பிரேசியோ ஒரியெந்தத்தீவோ, சின் கொம்ப்ரொமீசோ’ என்று எழுதலாம். ‘ஒரு திசை காட்டுவதற்கான விலை, கட்டுப்பாடு இல்லை’ என்று பொருள். இது எனக்கு மிகவும் பிடித்த தொடர். மரியாதைக் குறைவும் இல்லை, பின்வாங்கும் வாசலும் திறந்திருக்கிறது. முதல் விசாரணைக்குப் பதில் எழுதும்போது பத்தில் ஒன்பது முறை இதுதான் பொருத்தம், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் யாருக்கும் அளவும் தெரியாது, துறைமுகமும் தெரியாது.

‘எஸ்திமசியோன்’ என்ற சொல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலச் சொல்லுக்கு உடன்பிறந்தது போலத் தெரிவது இதுதான். கையில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்திருப்பவர்களும் அதிகம் போய் விழுவது இங்கேதான். கணித்துச் சொல்லும் எண் என்ற பொருளில் இது முழுக்கச் சரியான சொல். விளைச்சல் கணிப்பு, மக்கள்தொகைக் கணிப்பு எல்லாவற்றுக்கும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் விலைத்தாளின் தலைப்பாக வரும்போது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருள் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பெயினில் தனிநபர் வருமான வரிச் சட்டத்தில் ‘நேரடி எஸ்திமசியோன்’, ‘புறநிலை எஸ்திமசியோன்’ என்று சிறுதொழில் வருமானத்தைக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. கணக்காளருக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

மெக்சிகோவில் விஷயம் இன்னும் தீவிரம். அங்கே பொதுப்பணிச் சட்டத்தில் எஸ்திமசியோன் என்பது, ஒப்பந்ததாரர் ஒரு காலகட்டத்தில் முடித்த வேலையை மதிப்பிட்டுப் பணம் கேட்டுக் கொடுக்கும் தாள். நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் ‘பார்ட் பில்’ என்பார்களே, அதே பொருள். வேலை தொடங்கும் முன் நாம் அனுப்பும் தாளுக்கு, வேலை முடித்துப் பணம் கேட்கும் தாளின் பெயரைப் போட்டதாக ஆகும். தென்னைநார் வாங்குபவர் கட்டுமானக்காரர் அல்லர் என்பதால் பெரிய சண்டை வராது. ஆனால் நாரால் நெய்த மண்ணரிப்புத் தடுப்பு வலையைச் சாலை வேலைக்கோ அணைக்கட்டு வேலைக்கோ வாங்கும் மெக்சிகோ நிறுவனத்துக்கு எழுதினால், இந்தச் சொல்லைத் தலைப்பில் தொடவே கூடாது.

‘எஸ்திமாதோ’ என்பது இதன் தம்பி. புவெர்த்தோ ரிக்கோவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஸ்பானிஷ் பேசுவோரிடமும் விலைத்தாளை எஸ்திமாதோ என்று சொல்வது சகஜம். அங்கே உள்ள ஒருவருக்கு எழுதினால் தாராளமாகப் போடுங்கள். ஸ்பெயினில் கடிதத் தொடக்கத்தில் வரும் ‘அன்புடைய ஐயா’ என்பதே ‘எஸ்திமாதோ செஞோர்’தான். தலைப்பில் தனியாக எஸ்திமாதோ என்று நின்றால், பெயர் விடுபட்டுப்போன கடிதம் போலத் தெரியும். ஆனால் பெயரடையாக வரும்போது எந்த நாட்டிலும் குற்றமில்லை. ‘பேசோ எஸ்திமாதோ’ என்றால் மதிப்பிட்ட எடை, ‘வோலூமென் எஸ்திமாதோ’ என்றால் மதிப்பிட்ட கொள்ளளவு. தாளின் உள்ளே, அட்டவணையின் தலைவரிசையில், இந்த வடிவத்தைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

கொள்ளளவு என்று சொன்னதால் ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 கிலோ கட்டி ஒன்றை நீரூற்றி விரித்தால் ஏகதேசம் 70 முதல் 75 லிட்டர் வரும். சல்லடைக் கண் அளவு, அழுத்தம், ஈரப்பதம் இவற்றைப் பொறுத்து அது மாறும். ஒரு கண்டெய்னரில் 4,800 கட்டிகள் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், 70 லிட்டர் கணக்கில் 3,36,000 லிட்டர். 75 கணக்கில் 3,60,000 லிட்டர். வித்தியாசம் 24,000 லிட்டர், அதாவது 24 கன மீட்டர். பைகளில் நிரப்பித் தோட்டத்தில் அடுக்குபவருக்கு இது விளையாட்டல்ல. ஐரோப்பாவில் வளர்ப்பு ஊடகங்களின் கொள்ளளவை அளக்க ஈஎன் 12580 என்ற தரமுறையே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ‘75 லிட்டர்’ என்று மட்டும் எழுதாமல் ‘வோலூமென் எஸ்திமாதோ: 70–75’ என்று இரண்டு முனைகளையும் எழுதிவிடுவது நல்லது. எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்த எண்ணிடைவெளி அந்தச் சொல்லைவிட அதிகம் பேசும்.

இனி, பணம் வங்கி வழியாக எல்.சி.யில், அதாவது சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதி கூறும் கடிதத்தில், வருகிறது என்றால் ஒப்பீட்டின் முகமே மாறிவிடுகிறது. சர்வதேச வணிகச் சங்கம் வெளியிட்டு, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யுசிபி 600 விதிகளின் 30-ஆம் பிரிவு, ‘சுமார்’, ‘ஏறத்தாழ’ என்ற பொருளுள்ள சொற்களுக்கு ஓர் அளவை நிர்ணயித்திருக்கிறது. தொகை, சரக்கின் அளவு, ஓரலகின் விலை இவற்றில் எதன் அருகில் அந்தச் சொல் வருகிறதோ, அதற்கு மட்டும் 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் உண்டு. ஸ்பானிஷில் அந்தச் சொற்கள் ‘அல்ரெதெதோர் தெ’, ‘அப்ரோக்ஸிமாதமெந்தெ’. உலகத்தில் வேறெந்த உத்தேசச் சொல்லுக்கும் இவ்வளவு திட்டமான எல்லை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே எல்.சி. வாசகத்தை வாங்குபவர் நம்மிடம் கேட்டு எழுதும்போது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும். ‘மாஸ் ஓ மேனோஸ்’ என்ற ‘கூடக்குறைய’ வகைப் பேச்சுச் சொல்லை நம்பி நிற்கக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்கும் தெரியாமல் போகிறது. ‘அப்ரோக்ஸிமாதமெந்தெ 24,000 கிலோ’ என்று அளவுக்கு மட்டும் போட்டு, தொகைக்குப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? சரக்கு 25,500 கிலோ ஏறினாலும் அளவில் தவறில்லை, ஏனென்றால் 26,400 வரைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கான பில் தொகை எல்.சி. தொகையைத் தாண்டிவிடும், வங்கி ஆவணத்தைத் திருப்பலாம். இரண்டு இடத்திலும் அந்தச் சொல் வந்தால்தான் பயன். அந்தச் சொல்லே இல்லாவிட்டாலும், அளவைக் கிலோவில் குறித்திருந்தால், எடுக்கும் தொகை எல்.சி. தொகைக்குள் இருக்கும்வரை 5 சதவீதம் கூடக்குறைய அனுப்ப அதே பிரிவு அனுமதிக்கிறது. ‘4,800 கட்டிகள்’ என்று எண்ணிக்கையில் குறித்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கட்டி குறைந்தாலும் குறைவுதான். கிலோவா எண்ணிக்கையா என்பதை முடிவு செய்வதும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான வேலை.

எண்களை எழுதும் முறையையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளி போடும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. மெக்சிகோவில் நம்மைப் போலத் தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி. ‘24.000 கிலோ’ என்று எழுதினால் ஸ்பெயின்காரர் இருபத்துநாலாயிரம் என்று படிப்பார், மெக்சிகோக்காரர் வெறும் இருபத்துநாலு என்று படிப்பார். நாம் லட்சக் கணக்கில் போடும் 3,36,000 என்ற பிரிப்பு இருவருக்குமே புதிராக இருக்கும். ஆயிரங்களுக்கு இடையே புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம், சிறு இடைவெளி விட்டு 336 000 என்று எழுதுவது இரண்டு பக்கமும் விளங்கும். உத்தேசக் கணக்கில் பத்து சதவீதத்துக்கு நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு புள்ளியால் ஆயிரம் மடங்கு மாறிவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

அகராதியில் கிடைக்கும் மற்ற சொற்களில் ஒன்று நல்ல பொறி. ‘அ தாந்தோ அல்சாதோ’ என்று ஒரு தொடர் உண்டு. ‘தாந்தோ’ என்றால் ‘இவ்வளவு’ என்று பொருள் என்பதால், ‘ஏதோ இவ்வளவு’ என்று குத்துமதிப்பைச் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அதன் பொருள் நேர் எதிர். கூடினாலும் குறைந்தாலும் மாறாத, மொத்தமாகப் பேசி முடித்த ஒரே தொகை. நாம் ‘லம்ப்சம்’ என்கிறோமே, அது. உத்தேச விலைக்கு இதைப் போட்டால் ஏறும் செலவு முழுவதும் நம் தலையில். ‘தந்தேயோ’ என்பதும் பட்டியலில் வரும். முன்னுரிமையாக வாங்கும் சட்ட உரிமைக்கும் அதே சொல் இருப்பதால் விட்டுவிடுங்கள்.

வாய்ப்பேச்சுக்கு வந்தால் நிலைமை இனிமையானது. வீடியோ காலில் வாங்குபவர் விலை கேட்கிறார், நாம் ஏகதேசம் சொல்ல வேண்டும். அங்கே ‘அ ஓஹோ’ என்று ஒரு தொடர் இருக்கிறது, ‘கண்ணால்’ என்று பொருள். அதன் முழு வடிவம் ‘அ ஓஹோ தெ புவென் குபேரோ’, அதாவது நல்ல பீப்பாய்த் தச்சன் கண்ணால். ஒரு பீப்பாய் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் தேர்ந்த கண் அது. குளச்சலில் கரைக்கு வந்த மீனைக் குவித்துப்போட்டதும் நிறுத்துப் பார்க்காமல் விலை கேட்கத் தொடங்கும் ஏலக்காரர்களுக்கு இருக்கும் அதே கண். இந்தத் தொடரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் சிரிப்பு வரும், நெருக்கம் கூடும். ஆனால் தாளில் எழுதக்கூடாது.

பேச்சில் எண்ணுக்கு முன் ‘ஊனோஸ்’ என்று சேர்த்தால் ‘ஒரு நாப்பது’ என்கிற மாதிரி, முன்னே பின்னே இருக்கலாம். எண்ணுக்குப் பின் ‘இ பீக்கோ’ என்று சேர்த்தால் நாப்பதுக்கு மேலேதான், நாம் ‘நாப்பத்திச் சொச்சம்’ என்பதைப் போல. ‘காசி’ என்றால் நாப்பதை எட்டவில்லை. விலை பேசும்போது இந்த மூன்றும் மூன்று திசையில் இழுக்கும். விற்பவருக்கு ‘இ பீக்கோ’ பாதுகாப்பு. வாங்குபவர் ‘காசி’ என்று திருப்பிச் சொன்னால், அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சம் இருப்பது கப்பல் வாடகை. 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்கான வாடகை மளமளவென்று ஏறியது. அப்படி ஒரு செலவை நம் பிரெசுப்புவெஸ்தோவுக்குள் கலந்து ஒரே தொகையாகக் கொடுத்தால், நாம் கட்டுப்படுத்த முடியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்ததாக ஆகும். ஆகவே சரக்கின் விலையைத் தூத்துக்குடி எஃப்.ஓ.பி. கணக்கில் (தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை, கப்பல் வாடகை சேராது) உறுதியாக எழுதி, அதற்குக் கீழே தனி வரியில் ‘ஃப்ளேத்தே எஸ்திமாதோ’ என்று வாடகையை எழுதி, அந்த வாடகையை விசாரித்த தேதியையும் அருகில் குறித்துவிடுங்கள். ‘சுஹேத்தோ அ கொன்ஃபிர்மசியோன்’, அதாவது ‘உறுதி செய்வதற்கு உட்பட்டது’ என்ற தொடரை அந்த ஒரு வரிக்கு மட்டும் சேர்த்தால் போதும். வலென்சியாவுக்கு அனுப்பினாலும் மெக்சிகோவின் மன்சனில்யோ துறைமுகத்துக்கு அனுப்பினாலும் அந்தத் தொடரை மாற்ற வேண்டியதில்லை.